குளிர்பெட்டிக்கு ஐந்து திரி

நான்கு திரி பற்றிக்கொண்டது. ஐந்தாவது மட்டும் பற்றமாட்டேன் என்று அடம்பிடித்தது. முதல்வர் அருளாளன் மெழுகுவர்த்தியும் கையுமாகப் பித்தளைத் தட்டுகளுக்கு நடுவே தலையை நுழைத்துத் திரியைத் தேடிக்கொண்டிருந்தார். மேடையின் இடது ஓரத்தில், வெள்ளைத்துணி போர்த்தாத ஒரே பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்த மங்கையர்க்கரசிக்கு அந்த எண்ணெய் வாசனை தொண்டைவரை வந்து நின்றது. நல்லெண்ணெயோடு பன்னீர், பன்னீரோடு யாரோ அள்ளி அடித்துக்கொண்டு வந்த சென்ட், எல்லாவற்றுக்கும் அடியில் மேடைக் கம்பளத்தின் பழைய ஈரம். வாந்தி எடுத்தால்கூட நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். குவாண்டம் கணினித் தேசியக் கருத்தரங்கின் தொடக்க விழாவில் இயற்பியல் உதவிப் பேராசிரியை வாந்தி, தாளாளர் காலடியில், புகைப்படக்காரர் வேறு தயாராக நிற்கிறார். எரிந்துகொண்டிருந்ததை விளக்கு என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. அது குவாண்டம் கணினி. அதாவது அதன் படத்தைப் பார்த்து வார்த்தது. செய்தித்தாளில் குவாண்டம் கணினி என்று போடுகிற படத்தில் தங்க நிறத் தட்டுகள் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொங்கும், நடுவே மெல்லிய குழாய்கள் இறங்கும். அந்தத் தட்டும் குழாயும் கணினிகூடக் கிடையாது, வெறும் குளிர்பெட்டி. கணக்குப் போடுகிற சில்லு அடித்தட்டில் விரல் நகம்போல எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் துளிச் சூடு படக்கூடாது, வானவெளியைவிடக் குளிராக இருக்கவேண்டும் என்பதற்குத்தான் இத்தனை ஆடம்பரமும். அவள் காட்டிய படத்தைத்தான் தாளாளர் குழந்தைவேலு பார்த்தார். "ஏனுங் மேடம், சரவிளக்காட்டவே இருக்குதுங்களே!" என்றார். மறுநாளே கும்பகோணம் பக்கம் ஆர்டர் போய்விட்டது. எண்ணெய் எங்கே ஊற்றுவது என்று அங்கிருந்து கேட்டார்களாம். தட்டுக்கு ஒரு குழி வைக்கச் சொல்லிவிட்டார் முதல்வர். "ஐயா, அது குளிர்பெட்டிங்க, நெருப்பே ஆகாதுங்க" என்று இவள் சொல்லிப் பார்த்தாள். "மனசு குளிர்ந்தாப் போதுமுங்க மேடம்" என்று தாளாளர் சிரித்தார், கூட இருந்தவர்களும் சிரித்தார்கள், வெட்கம்கெட்டு இவளும் சிரித்துவைத்தாள். ஐந்தாவது திரியும் ஒருவழியாகப் பற்றிக்கொண்டது, அரங்கம் கைதட்டியது.

கைதட்டாமல் என்ன செய்யும்? உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு இன்றைக்கு வகுப்பு இல்லை, வருகைப்பதிவு உண்டு, மத்தியானம் பிரியாணி உண்டு. தட்டச் சொன்னால் தட்டும், எழச் சொன்னால் எழும். இப்போது எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவளும் உட்கார்ந்தாள், நாற்காலியின் ஒரு கால் கம்பள விளிம்பில் ஏறி நொண்டியது. முதல்வர் வரவேற்புரைக்கு எழுந்தபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இங்கேதான் சொல்வதாகச் சொல்லியிருந்தார். "மேடையிலயே சொல்லிடறேம்மா. வேலை முழுக்க நீங்க செஞ்சதுதான்னு புரொபசர் காதுபட சொல்லிடறேன். தாளாளர்கிட்டயும் பேசிட்டேன். நீங்க பொறுமையா இருங்க, அது போதும்." பொறுமையாகத்தான் இருக்கிறாள். பொறுமையில் அவளுக்கு ஒரு டாக்டர் பட்டம் தனியாகக் கொடுக்கலாம். அவள் எழுதிய குவாண்டம் கட்டுரையில் முதல் பெயர் டீன் நிரஞ்சன், தாளாளரின் மகன், இரண்டாவது பெயர் அருளாளன், மூன்றாவதாகத்தான் அவள். அந்தக் கல்லூரியில் எந்தத் துறையில் எவர் எதைக் கண்டுபிடித்தாலும் தலைப்புக்குக் கீழே முதல் பெயர் நிர்வாகத்தின் பெயர். "கோயில் பத்திரிகையில தர்மகர்த்தா பேரு முதல்ல வருதே, அவரா தேரு இழுக்கறாரு? அது ஒரு மரியாதைம்மா" என்று முதல்வர் விளக்கியிருந்தார். இரும்பு வேலைக் கட்டுரையிலும் நிரஞ்சன், தண்ணீர் சுத்திகரிப்பிலும் நிரஞ்சன், கோழித்தீவனத்தில் நுண்ணுயிர் பற்றிய கட்டுரையிலும் நிரஞ்சன். முப்பது வயதுக்குள் இத்தனை துறையில் ஒரு மனிதன் மேதையானது உலகத்தில் இந்த நாமக்கல் ரோட்டில் மட்டும்தான் நடந்திருக்கும். வழக்கமாக இந்தக் கட்டுரைகளை யாரும் படிப்பதில்லை, அதனால் யாருக்கும் தொந்தரவு இல்லை. இதை மட்டும் ஒருவர் படித்துத் தொலைத்தார். பெங்களூரில் பெரிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் இருக்கிற பேராசிரியர் கமலக்கண்ணன், இன்றைய சிறப்பு விருந்தினர். அவரிடம் நிஜமான குளிர்பெட்டி இருக்கிறது, நிஜமான சில்லு இருக்கிறது, தன் ஆய்வகத்தில் ஓராண்டு வேலை செய்ய ஓர் இடமும் இருக்கிறது. இதை எழுதியவருக்குத் தருகிறேன், நேரில் வந்து சொல்கிறேன் என்று எழுதியிருந்தார். எழுதியவருக்கு. இப்போது முதல்வர் மைக்கில் பூனைக்கதை சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் பூனை செத்தும் இருக்கிறதாம், உயிரோடும் இருக்கிறதாம், அதுதான் குவாண்டமாம், நம் தாளாளரும் அப்படித்தான், ஒரே நேரத்தில் கல்லூரியிலும் இருப்பார், கோழிப்பண்ணையிலும் இருப்பார். சிரிப்பு. அந்தப் பூனையை எந்த மேடையில் கேட்டாலும் அவளுக்குக் குமட்டும். பாவம், எத்தனை முதல்வர்கள் கையில் எத்தனை தடவை சாகிறது. சொல்லுங்கள் சார், இப்போது சொல்லுங்கள் என்று அவர் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துப் பட்டியில் பவுடர் வியர்வையில் திரிந்திருந்தது. "இத்துடன் என் வரவேற்புரையை நிறைவு செய்கிறேன்" என்று சொல்லிவிட்டு, இவள் இருந்த திசைக்குத் திரும்பாமலே போய் உட்கார்ந்தார்.

மறந்துவிட்டாரோ? மறப்பாரா? தாளாளர் பேசும்போது அவரே சொல்லட்டும் என்று விட்டிருப்பார். இருக்கும். இப்படி யோசிக்கிறாயே, உனக்கு அசிங்கமாக இல்லையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அசிங்கமாகத்தான் இருந்தது. சால்வைகள் வந்தன. ஒருவருக்கு ஒருவர், அவருக்கு இவர், போர்த்தியவருக்குப் போர்த்தப்பட்டவர் திரும்ப. பளபளவென்று கத்திரிப்பூ நிறம், தொட்டால் நகத்தில் மாட்டும் துணி. ஒவ்வொரு முறையும் புகைப்படக்காரர் "இன்னொரு வாட்டி சார்" என்றார், ஒவ்வொரு முறையும் இன்னொரு வாட்டி போர்த்தினார்கள். அவளுக்குக் கண் அங்கே இருக்க, மனம் போன நவம்பருக்குப் போயிற்று. தேர்வுக் கண்காணிப்பு. அந்த வேலையைப்போல மூளையை மழுக்குவது உலகில் இல்லை. படிக்கக்கூடாது, உட்காரக்கூடாது, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கவேண்டும். ஒரு மெக்கானிக்கல், ஒரு சிவில், ஒரு மெக்கானிக்கல், ஒரு சிவில் என்று மாற்றி மாற்றி உட்கார வைத்திருந்தார்கள், பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதக்கூடாதே. நடந்துகொண்டே இருந்தவள் சன்னல் ஓரத்தில் நின்றுவிட்டாள். அவளுடைய க்யூபிட்டுகளும் அதைத்தானே செய்கின்றன! குவாண்டம் கணினியில் கணக்குப் போடும் துளிக்குக் க்யூபிட் என்று பெயர். ஒன்றை அளந்தால் பக்கத்தில் இருப்பதன் விடை கோணிக்கொள்கிறது; எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அளப்பதால் எல்லாமே ஒன்றையொன்று பார்த்து எழுதிவிடுகின்றன. ஒன்று விட்டு ஒன்றாக அளந்தால்? முதலில் மெக்கானிக்கல், பிறகு சிவில். ஒரு பையன் கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தான், அவளுக்குக் கண்ணிலேயே படவில்லை. அன்று சாயங்காலம் சோறு வடிக்காமல் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாள். எங்கோ வெளிநாட்டில் இருக்கிற இயந்திரம். இணையத்தில் கணக்கை அனுப்பிவிட்டு வரிசையில் காத்துக்கிடக்க வேண்டும், கிடைப்பது சிறு பொழுது. விடை வந்தபோது பிழை பாதிக்குமேல் குறைந்திருந்தது. அவள் எழுந்து போய்ச் சமையலறையில் நின்று அழுதாள். கணவன் சிவஞானம் பயந்துபோய் "என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?" என்றான். "ஒண்ணுமில்லீங்க, சரியா வந்திருச்சு" என்றாள். அவன் கடைக்குப் போய்ப் புரோட்டா வாங்கி வந்தான். அந்த இயந்திரத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்றால் அதன் பம்பு மூச்சுவிடுவதுபோலக் கேட்கும் என்று யாரோ எழுதியிருந்ததைப் படித்திருக்கிறாள். ஓராண்டு. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் ஓராண்டு உட்கார வேண்டும், இது ஒன்றுதான் அவள் கேட்டது, சால்வையா கேட்டாள்?

தாளாளர் எழுந்து மைக்கைத் தட்டினார், ஊதினார், அதில் படிந்த எச்சில் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. "நான் படிக்காதவனுங்க" என்று ஆரம்பித்தார். எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பார். அதற்குத் தனிக் கைதட்டல் உண்டு. கோழிப்பண்ணை வைத்தது, லாரி ஓட்டியது, இந்த இடம் வெறும் கருவேலங்காடாகக் கிடந்தது எல்லாம் வந்தன. "இன்னிக்கு எங்க பையன் குவாண்டத்துல ஒரு கண்டுபிடிப்பு பண்ணியிருக்கறானுங்க. புரொபசர் அய்யாவே தேடி வந்திருக்கறாருங்க. ஒரு தகப்பனுக்கு வேற என்னங்க வேணும்?" சொன்னபோது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிற்று. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு விளங்கியது. இந்த மனிதர் பொய் சொல்லவில்லை. நம்புகிறார். மகன் கண்டுபிடித்தான் என்று மனதார நம்புகிறார், யாரும் அவரிடம் பேசவே இல்லை, முதல்வர் பேசினேன் என்றது அப்பட்டமான புளுகு. முதல்வர் சால்வை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். நிரஞ்சன் குனிந்து கைப்பேசியைப் பார்த்தான். கெட்ட பையன் என்றும் அவனைச் சொல்ல முடியாது. வழியில் பார்த்தால் "சாப்ட்டீங்களா மேடம்" என்பான், காரில் போனால் நிறுத்தி ஏற்றிக்கொள்வான், கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொள்வான், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து தட்டு நிறைய வந்ததையே பார்த்தவனுக்கு அடுப்படி எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. இன்று காலையில் விருந்தினர் அறையில் கமலக்கண்ணன் வடையைச் சாம்பாரில் ஊறப்போட்டுத் தின்றுகொண்டிருந்தார். தண்ணீர் பாட்டில் கொண்டுபோய் வைத்தவளை நிமிர்ந்து பார்த்து "நீங்க?" என்றார். எத்தனை நாள் ஒத்திகை பார்த்த இடம்! "நன்றியுரைங்க சார்" என்று சொல்லிவிட்டாள். நன்றியுரையாம். பெயர் கேட்டவரிடம் நன்றியுரை என்று சொல்லிவிட்டு வந்தவளை எதால் அடிப்பது? அவர் வடை மெல்வதை நிறுத்தாமல், "மூணாவது பேரு மங்கையர்க்கரசி... நீங்கதானா?" என்றார். ஆமாம் என்றாள். "ஓஹோ" என்று சிரித்தார், தாடையில் சட்னி ஒட்டியிருந்தது, அதற்குள் தாளாளர் வந்துவிட்டார், அடுத்த வருஷம் உங்கள் பெரிய மாநாட்டை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், தங்கல் சாப்பாடு எல்லாம் நம் பொறுப்பு என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஓஹோவை அவள் காலையிலிருந்து வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறாள். புரிந்துகொண்ட ஓஹோ என்றே வைத்துக்கொண்டாள்.

புரிந்துகொண்டதுதான். கமலக்கண்ணன் நன்றாகப் பேசினார், பூனையைத் தொடவில்லை. அளப்பது எவ்வளவு கஷ்டம், ஒரு துளியைப் பார்க்கப் போய்ப் பக்கத்துத் துளியைக் கெடுத்துவிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே வந்தபோது, தன் வீட்டுப் பிள்ளையின் பெயரை வேற்றூரில் கேட்டதுபோல அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. "இந்தக் கட்டுரையில ஒரு அழகு இருக்கு" என்றார். "நாங்க பெரிய பெரிய சாமான் வச்சுக்கிட்டு செய்யாததை, ஒண்ணுமே இல்லாம இங்க உக்காந்து செஞ்சிருக்காங்க." பிறகு அவளைத்தான் பார்த்தார். சந்தேகமே இல்லை, அவளைத்தான். அந்தப் பார்வை நாற்காலிவரிசையைக் கடந்து மெதுவாக நிரஞ்சனிடம் போய் நின்றது. "டீன் சார், ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். ஏன் ஒண்ணு விட்டு ஒண்ணா அளந்தீங்க? அந்த யோசனை எப்படி வந்துச்சு?" நிரஞ்சன் எழுந்தான், சால்வை நழுவியது, பிடித்துக்கொண்டான். கேட்டுவிட்டார், நேராகக் கேட்டுவிட்டார், இனி மறைக்க என்ன இருக்கிறது? நிரஞ்சன் இவள் பக்கம் திரும்பினான், தேர்வறையில் பக்கத்து பெஞ்சை எட்டிப் பார்க்கிற அதே கண், பாவமாகக்கூட இருந்தது. "அது வந்து சார்... டைம் சேவ் ஆகுங்க. எஃபிஷியன்சிக்காக" என்றான். நேரம் மிச்சமாகாது, இரட்டிப்பாகும்; ஒரே சுற்றில் முடிவதை இரண்டு சுற்றாக்கி வைத்தால் எப்படி மிச்சமாகும்? கட்டுரையின் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது. கமலக்கண்ணனின் புருவம் ஏறியது. ஏறியதை அவள் பார்த்தாள். இறங்கியதையும் பார்த்தாள். முன்வரிசைப் பக்கம் ஒரு கணம், தாளாளர் பக்கம் ஒரு கணம், பிறகு உதட்டில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. "குட். வெரி குட். எஃபிஷியன்சி முக்கியம்" என்றார். "டீன் சார் ஜூலையில எங்க ஆய்வகத்துக்கு வரலாம். ஒரு வருஷம்." கைதட்டல் கூரையை முட்டியது. தாளாளர் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். அவளுக்குக் கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. கழுவாத பாத்திரத்தில் தெரியாமல் கையை விட்டுவிட்டது மாதிரி இருந்தது. அருளாளன் புளுகுவார், தெரிந்ததுதான். இந்தப் பேராசிரியருக்கு எல்லாம் தெரியும். தெரிந்து, ஒரு மாநாட்டுச் சாப்பாட்டுக்கு, தெரியாதவர்போல உட்கார்ந்துவிட்டார். இவருடைய கட்டுரைகளை எத்தனை வருஷம் கோயில் பிரசாதம்போலக் கண்ணில் ஒற்றிப் படித்தாள்!

"அடுத்து நன்றியுரை" என்று மாணவி அறிவித்தாள். மங்கையர்க்கரசி எழுந்தாள். முதல்வர் இரண்டு விரலால் சுருக்கமாக, சுருக்கமாக என்று காட்டினார். கீழே அரங்கம் ஏற்கெனவே சலசலத்தது, பின்கதவைத் திறந்துவிட்டார்கள், பிரியாணி மணம் குபீரென்று உள்ளே வந்து பன்னீரோடு கலந்தது. வாயை மட்டும் திறந்துவிடாதே என்று சிவஞானம் காலையில் சொல்லி அனுப்பியிருந்தான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முதல் டாக்டர் பட்டம்வரை அவளுடைய அசல் சான்றிதழ் ஒவ்வொன்றும் இந்தக் கல்லூரி அலுவலகத்துப் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. வேலைக்குச் சேரும்போது வாங்கி வைத்துக்கொள்வார்கள், நல்லபடியாகப் போனால்தான் நல்லபடியாக வரும். அவளுடைய படிப்பு அவள் கையில் இல்லை. அது இல்லாமல் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில்கூட யாரும் உள்ளே விடமாட்டார்கள். எண்ணி எண்ணிப் பயந்தது எல்லாம் அதற்குத்தான். மைக் முன்னால் நின்றதும் முன்னால் பேசியவர்களின் எச்சில் நாற்றம் முகத்தில் அடித்தது. வாய் தானாகவே தொடங்கிவிட்டது, பழகிய வாய். தாளாளர் அவர்களுக்கு நன்றி, முதல்வர் அவர்களுக்கு நன்றி, சிறப்பு விருந்தினர் அவர்களுக்கு நன்றி, ஒலி ஒளி அமைத்தவர்களுக்கு, உணவு சமைத்தவர்களுக்கு. ஒவ்வொரு நன்றிக்கும் நாக்கில் ஒரு வழவழப்பு ஏறிக்கொண்டே வந்தது, விழுங்கினால் இறங்கவில்லை. டீன் அவர்களுக்கு என்று ஆரம்பித்து நிறுத்தினாள். நிறுத்தியது ஏன் என்று அவளுக்கே தெரியாது. துப்பவேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான், துப்புவதற்கு இடம் இல்லை. "புரொபசர் சார் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை" என்றாள். தன் குரல் ஒலிபெருக்கியில் வேறு யாருடையதோபோல வந்தது. "நேரம் மிச்சமாகறதுக்கு இல்லீங்க சார். நேரம் அதிகமாத்தான் ஆகும். பக்கத்துல இருக்கறது கெடுக்குது, அதனாலதான் ஒண்ணு விட்டு ஒண்ணு. கட்டுரையில முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் எழுதினது நான். டீன் சாருக்கும் முதல்வர் சாருக்கும் அதுல என்ன இருக்குதுன்னே தெரியாது. புரொபசர் சாருக்கு இது தெரியும். காலையிலேயே தெரியும்."

தாளாளர் வாய் சற்றே திறந்திருந்தது. அவர் மகனைப் பார்த்தார், மகன் தரையைப் பார்த்தான், அவருக்கு அந்தக் கணத்தில் புரிந்துவிட்டது, அது மட்டும் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. முதல்வர் பாதி எழுந்து, மேடைக்குக் கீழே ஒலிப்பெட்டி வைத்திருந்தவரைப் பார்த்துக் கையை வெட்டி வெட்டிக் காட்டினார். மைக்கை அணை என்றுதான் காட்டினார். அந்த மனிதர் எத்தனையோ விழா பார்த்தவர். நன்றியுரைக்குப் பிறகு முதல்வர் கையசைத்தால் அடுத்தது என்ன என்று அவருக்கு அத்துப்படி. பொத்தானை அமுக்கினார். நாட்டுப்பண் ஒலித்தது. அரங்கம் மொத்தமும் ஒரே சத்தமாக எழுந்து நிமிர்ந்து நின்றது. இவளை நோக்கி ஓரடி எடுத்துவைத்திருந்த முதல்வர் அந்த ஓரடியிலேயே விறைத்தார், கை இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டன. தாளாளர் நின்றார், நிரஞ்சன் நின்றான். கமலக்கண்ணன் முகம் சிவந்துபோய், கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல், உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். பீரோ இருக்கிறது, சாவி அவர்களிடம் இருக்கிறது, பாட்டு முடிந்ததும் எல்லாம் இருக்கிறது. ஆனால் நாக்கில் அந்த வழவழப்பு இல்லை. அவளும் பாடத் தொடங்கினாள், சுதி சேராமல், சத்தமாக. அணைக்காத மைக் அவள் குரலை எடுத்துக்கொண்டுபோய் அரங்கத்தின் மூலைமுடுக்கெல்லாம் வைத்தது, அதை நிறுத்த அங்கே ஒருவராலும் கையை அசைக்க முடியவில்லை.